ஏழு ஆண்டுகள், ஒரு முதுகுப்பை, உள்ளே போகாத ஒரு பாட்டில்

போன வாரம் என் முதுகுப்பையின் ஜிப் பழுதாகி, சரிசெய்து வாங்கி வந்தேன். அதே வாரத்தில் நண்பன் ஒருவன் செய்தி அனுப்பினான்: "நீ வைத்திருக்கும் பையின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். வாங்கலாமா? ஒரே வரியில் சொல்." ஒரே வரியில் சொல்லத்தான் முயன்றேன். "நல்ல பை, வாங்காதே" என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே விசித்திரமாக இருந்தது. அழித்துவிட்டு "மோசமான பை, வாங்கிக்கொள்" என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. ஆகவே இந்த நீளமான பதில்.

அடிப்படை விவரங்களை நண்பன் ஏற்கெனவே பார்த்திருப்பான். 40 லிட்டர், பெட்டியைப்போல் முழுதாகத் திறக்கும் வகை, இடுப்புப் பட்டை உண்டு, காலியாக 1.6 கிலோ. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டப்போகிறேன் என்பதால் அது நியாயமாகவும் இருக்காது. இந்தப் பையோடு நான் போன மிக நீண்ட பயணம் நாற்பது நாள், மிகக் குறுகியது இரண்டு இரவு. பஸ், ரயில், விமானம், படகு, ஒருமுறை நெல்லிக்காய் மூட்டைபோல நான் உருண்டுகொண்டே போன ஒரு லாரியின் பின்புறம் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பையின் வலப்பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்கென்று ஒரு பாக்கெட் இருக்கிறது. பார்வைக்கு அழகானது. வாயில் எலாஸ்டிக், கீழே தண்ணீர் வடிய ஒரு சிறு துளை, மூலைகளில் இரட்டைத் தையல். பை காலியாக இருக்கும்போது ஒரு லிட்டர் பாட்டில்கூட வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பையை நிரப்பிவிட்டால் ஒரு பேனாகூட முனகிக்கொண்டுதான் நுழையும்.

காரணம் எளியது. அந்தப் பாக்கெட்டுக்குச் சொந்தமாக வயிறு கிடையாது. ஒரு துண்டுத் துணியைப் பையின் பக்கவாட்டில் தட்டையாக வைத்து மூன்று புறமும் தைத்துவிட்டார்கள். பாட்டில் உள்ளே போக வேண்டுமானால் பையின் சுவர் உட்பக்கமாக ஒதுங்க வேண்டும். உள்ளே துணிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது சுவர் எங்கே ஒதுங்கும்? மூவர் இருக்கையில் நான்காவது ஆள் வந்து "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று கேட்பதைப்போலத்தான். ஏற்கெனவே ஜன்னலோரம் நசுங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் யார் சொல்வது?

40 லிட்டர் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கிலேயே இந்தக் குளறுபடி ஒளிந்திருக்கிறது. பையின் கொள்ளளவை அளப்பதற்கு ஒரு தர முறை உண்டு. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு பந்துகளைப் பைக்குள் கொட்டி நிரப்பி, பிறகு அவற்றை வெளியே எடுத்து ஓர் அளவுகலத்தில் அளப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் பந்துகளுக்குத் தாகம் எடுப்பதில்லை. முக்கால் லிட்டர் பாட்டிலை வெளியே செருகினால் உள்ளே ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் போகும். இரண்டும் ஒரே இடம். விளம்பரப் படத்தில் நிரம்பி வழியும் பையின் பக்கவாட்டில் பாட்டில் ஒய்யாரமாக நிற்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பைக்குள் காகிதத்தைத்தான் கசக்கித் திணித்திருப்பார்கள் என்பது என் அனுமானம். நிரூபிக்க முடியாது, ஏழு ஆண்டுக் கோபம் சொல்கிறது.

முதல் பயணத்திலேயே இது தெரிந்துவிட்டது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலைக் காலி செய்தாக வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று அம்பலமானதற்குப் பிறகு வந்த 100 மில்லிலிட்டர் விதி அது. புதிய ஸ்கேனர் வைத்திருக்கும் சில விமான நிலையங்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன, பல இன்னும் தளர்த்தவில்லை. சோதனைக்காக மடிக்கணினியை வெளியே எடுத்தேன், திரவப் பொருள்கள் வைத்த பையை எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். வீட்டில் அரை மணி நேரம் பொறுமையாக அடுக்கியது அங்கே அரை நிமிடத்தில் கலைந்தது. பிறகு குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பாக்கெட்டில் வைக்கப் போனேன். போகவில்லை. பையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடக்கையால் எலாஸ்டிக்கை விரித்து, வலக்கையால் பாட்டிலைத் திருகித் திருகி அழுத்தினேன். பாதி போனது. நிமிர்ந்து பையைத் தோளில் மாட்டியதும் அது பிதுங்கி வெளியே வந்து, பளிங்குத் தரையில் விழுந்து, கோயில் மணிபோல ஒலித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் கால்களுக்கு இடையே உருண்டோடியது. ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். அன்று அவள் பார்த்த பார்வையைப் பாக்கெட்டை வடிவமைத்தவர் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்துபார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கி போட்டுப் பாட்டிலை வெளியே தொங்கவிட்டேன். அடிக்கு ஒருமுறை இடுப்பெலும்பில் இடித்தது. நின்றால் நின்றது, நடந்தால் அடித்தது. பிறகு பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்தேன். மூடி சற்றே தளர்ந்திருந்த ஒரு மாலையில் இரண்டு சட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், உள்ளாடைகள் எல்லாம் நனைந்தன. உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையும் வாங்கினேன். மலைப்பாதைக்கு அது அருமையானது. ஆனால் அதை நிரப்ப ஒவ்வொரு முறையும் பையைத் திறக்க வேண்டும், கழுவிக் காயவைப்பது தனி வேலை, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது காற்றை உறிஞ்சும்போதுதான் தெரியும். அதையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

இப்போது நியாயமாகவும் பேச வேண்டும். பாக்கெட்டை ஏன் தட்டையாக வைத்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பையின் வெளி அளவு 55 × 35 × 23 சென்டிமீட்டர். விமானத்தில் கையோடு எடுத்துப்போகப் பல நிறுவனங்கள் அனுமதிக்கும் அளவுக்குள் அடங்கிவிடும். பாக்கெட்டுக்குத் தனி வயிறு வைத்துத் தைத்தால் பக்கவாட்டில் ஏழெட்டு சென்டிமீட்டர் புடைத்து நிற்கும், விமான நிலையத்தில் பையை இறக்கி அளந்து பார்க்கும் அளவுக்கூண்டுக்குள் இறங்காது, பஸ் படிக்கட்டில் எதிலாவது மாட்டும். வடிவமைத்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். நிறுவனத்துக்கு ஒருமுறை எழுதியும் பார்த்தேன். மிகப் பணிவான பதில் வந்தது. பாட்டிலைப் பாக்கெட்டில் வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பதிலைப் படித்த ஆத்திரத்தில்தான் நான் பை அடுக்கவே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன் நான் அடுக்கவில்லை, திணித்தேன்.

முதலில் பாட்டிலை வைத்துவிட்டு அப்புறம் பையை நிரப்பலாமே என்று தோன்றியது. காலிப் பையின் பாக்கெட்டில் நிரம்பிய பாட்டிலைச் செருகி, அது உள்ளே புடைத்து நிற்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை நிரப்பினேன். வெற்றி என்றுதான் நினைத்தேன். முதல் மடக்குத் தண்ணீர் குடிக்கப் பாட்டிலை உருவியதுமே சுற்றியிருந்த துணிகள் அந்தப் பள்ளத்தில் குடியேறிவிட்டன. காலி மனையைக் கண்டால் சும்மா விடுவார்களா? அந்த இடத்தைக் காக்க வேலி போல விறைப்பான ஒன்று தேவைப்பட்டது.

அந்த வேலி என் செருப்பு. ஒவ்வொரு செருப்பையும் தனித்தனி மெல்லிய பைக்குள் போட்டு, செங்குத்தாக, குதிகால் கீழே இருக்கும்படி, பாட்டில் புடைக்கும் இடத்தின் இரு மருங்கிலும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அடிப்பகுதிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அவற்றுக்கு நடுவே ஒரு வாய்க்கால் கிடைத்தது. பாட்டிலை எடுத்தாலும் வாய்க்கால் தூர்வதில்லை. வாய்க்காலின் உட்பக்கச் சுவராக மழைச்சட்டையைத் தளர்வாகச் சுருட்டி வைத்தேன். அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும். பாட்டில் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடியும் போனது. நள்ளிரவில், ஒரு விடுதி அறையின் கட்டிலில், நான் பத்துப் பதினைந்து முறை பாட்டிலைச் செருகி எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மூலை ஒழுங்கானதும் மற்ற மூலைகளின் யோக்கியதை கண்ணில் பட ஆரம்பித்தது. துணிகளைச் செவ்வகத் துணிப்பெட்டிகளில், அதாவது பேக்கிங் கியூப்களில் வைப்பது வழக்கம். என்னிடம் பையின் முழு அகலத்துக்கும் பொருந்தும் பெரிய கியூப் ஒன்று இருந்தது. அதுதான் பாக்கெட் சுவரை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்த முதல் குற்றவாளி. அதை விட்டுவிட்டுச் சிறியதாக இரண்டு வைத்தேன். பையின் மேல்மூலைகள் வளைவானவை. செவ்வகப் பெட்டிகள் அங்கே காலியிடம் விடும். அந்தச் சந்துகளில் காலுறைகளைத் தனித்தனியாகச் செருகுகிறேன். சுருட்டுவதா மடிப்பதா என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பனியன், கால்சட்டை எல்லாம் சுருட்டினால் நன்றாக அடங்குகின்றன. காலர் வைத்த சட்டை சுருட்டினால் கசங்குகிறது. இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

எடையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் பல ஆண்டுகள் தவறு செய்தேன். கனமான பொருளை அடியில் வைத்தால் பை நிலையாக நிற்கும் என்று நினைத்திருந்தேன். தரையில் நிற்கும், உண்மை. முதுகில் ஏறியதும் அதே கனம் பையைப் பின்னோக்கி, கீழ்நோக்கி இழுக்கும். நாம் முன்னால் குனிந்து அதற்கு ஈடுகட்டுவோம். மாலையில் கழுத்து வலிக்கும். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரும் உயரத்தில் இருக்க வேண்டும். பருமனாக இருந்தும் கனமில்லாதவை அடியில். அடிக்கடி எடுப்பவை மேலே. கரடுமுரடான பாதையில் கால் தடுமாறும் என்றால் கனத்தைச் சற்றுக் கீழிறக்கலாம். இதில் உயரத்தைவிட முதுகிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. சார்ஜர்கள், பவர் பேங்க், கழிப்பறைப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ இருக்கும். அவற்றைப் பையின் வெளிப்புறப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். முதுகை ஒட்டிய பக்கத்துக்கு மாற்றியபோது எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டதுபோல இருந்தது. வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

முக்கால் லிட்டர் எஃகு பாட்டில் தண்ணீரோடு ஒரு கிலோவைத் தாண்டும். அது வலப்பக்கம் மட்டும் இருப்பதால் பை வலப்பக்கம் சாய்கிறது. இடப்பக்கத்தில் அதற்கு ஈடாகக் கழிப்பறைப் பொருள்களை வைத்தேன். தண்ணீர் குடிக்கக் குடிக்க இப்போது இடப்பக்கம் சாய்கிறது. இதற்குத் தீர்வு இல்லை. இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், மறுபடியும் முதலிலிருந்து அடுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பையின் பெரிய பெருமை இடுப்புப் பட்டை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுமையின் பெரும்பங்கை இடுப்பெலும்பு தாங்க வேண்டும், தோள் வெறுமனே பை சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கண்டெடுத்தார்களே ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மனித உடல், அதனருகே வளைத்த மரக்கொம்பும் பலகைகளும் கிடந்தன. அவை முதுகில் சுமக்கும் சட்டகம் என்று கருதுகிறார்கள். அவ்வளவு பழைய பழக்கம் இது. ஆனாலும் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி 1952இல் அலுமினியச் சட்டகமும் இடுப்புப் பட்டையும் வைத்த பைகளை விற்கத் தொடங்கிய பிறகுதான் தோளிலிருந்து சுமையை இறக்கும் ஏற்பாடு பரவலானது. இத்தனை ஆயிரம் ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு ஒரு பாட்டிலுக்கு இடம் விடத் தெரியவில்லையே என்று நான் கேட்டால் அது குதர்க்கமா?

பட்டைகளை இறுக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, பையை மாட்டி, இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி முதலில் அதை இறுக்க வேண்டும். வயிற்றின்மேல் கட்டினால் மூச்சுத்தான் முட்டும், சுமை இறங்காது. பிறகு தோள் பட்டைகள், பிறகு தோளின் மேலிருந்து பைக்குப் போகும் சிறு வார்கள், கடைசியாக நெஞ்சுப் பட்டை. நெஞ்சுப் பட்டையின் பக்கிளில் ஒரு விசில் ஒளிந்திருக்கிறது. அதை நான் நான்காம் ஆண்டில்தான் கண்டுபிடித்தேன். ஊதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

எதிர்பாராத மகிழ்ச்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பையின் அடிப்புறத்தில் தைத்திருக்கும் கைப்பிடி. எந்த விளம்பரத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்கு விரல் நுழையும் ஒரு சிறு பட்டை, அவ்வளவுதான். ரயிலில் மேல்தட்டில் பையின் தலைப்பக்கம் உள்ளே போகும்படி தள்ளி வைத்துவிட்டால், இறங்கும்போது அடிப்புறம்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் எம்பிக் குதித்துத் துணியைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்போது நான் அந்தப் பட்டையைப் பிடித்து உருவுவேன். இருக்கைக்கு அடியிலிருந்து இழுப்பதற்கும் அதேதான். தினமும் பயன்படுகிறது, ஏழு ஆண்டில் ஒரு நூல் பிரியவில்லை. இந்தக் கைப்பிடியை யோசித்தவரும் அந்தப் பாக்கெட்டை யோசித்தவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்திருந்தால் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன வைக்கிறேன் என்று நண்பன் கேட்பான். மேலே போட்டிருப்பது போக மூன்று பனியன், ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு அரைக்கால்சட்டை, நான்கு உள்ளாடை, மூன்று ஜோடிக் காலுறை, மழைச்சட்டை, மெல்லிய கம்பளிச் சட்டை. நான்கு நாளுக்கும் இதுதான், நாற்பது நாளுக்கும் இதுதான். நாற்பது நாளில் கூடுவது துவைக்கும் தடவைகள் மட்டுமே. பருத்தி காயத் தாமதமாகும் என்பதால் பனியன்களில் இரண்டு மெரினோ கம்பளி. அது இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாறுவதில்லை. துவைத்ததைத் துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும், காலைக்குள் காய்ந்துவிடும். கையோடு எடுத்துப்போகும் பைக்குப் பல விமான நிறுவனங்கள் வைக்கும் வரம்பு 7 கிலோ. பையே 1.6 போய்விட்டால் மிச்சம் 5.4. இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்துவைக்கும் பொருள்கள் தாமாகவே கட்டிலில் தங்கிவிடும்.

பவர் பேங்க் மட்டும் பையின் மேல்பாக்கெட்டில், கைக்கெட்டும்படி. அதைச் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது, பயணியோடு அறைக்குள்தான் வர வேண்டும். விமானம் நிரம்பிவிட்டது என்று கடைசி நேரத்தில் வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வது உண்டு. அப்போது வரிசையில் எல்லாரும் பார்க்கக் குடலை உருவுவதுபோல உள்ளிருந்து அதைத் தேடி எடுப்பது எனக்கு ஒருமுறை வாய்த்தது. பவர் பேங்குக்கு வரம்பு 100 வாட் மணி. 20,000 மில்லிஆம்பியர் மணி, அதாவது 20 ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துப்போகாதே, கணக்குச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மழைக்கு ஓர் உறை கூடவே வந்தது. அதை நம்பக் கூடாது. முதுகுப் பக்கம் அது மூடாது. கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் நேரே பைக்குள்தான் போகும். கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைப்பதுதான் உருப்படியான வழி. உறை அழுக்குப் படாமல் இருக்க உதவுகிறது.

ஆறாம் ஆண்டில் பையின் உட்பூச்சு உரியத் தொடங்கியது. ஒருநாள் திறந்தபோது புளித்த வாடை. கறுப்புச் சட்டையெல்லாம் பொடுகு உதிர்ந்ததுபோல வெள்ளைச் செதில்கள். நீர்புகாமல் இருக்கத் துணியின் உட்பக்கம் பூசும் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தாலேயே காலப்போக்கில் சிதைந்து பிசுபிசுத்து உரியும். இந்தக் குறையை முழுக்க நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது. பயணம் முடிந்ததும் ஈரம் உலராமலேயே அலமாரிக்குள் அடைத்து வைப்பவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெந்நீரும் தூரிகையுமாகத் தேய்த்து எடுத்தேன். பூச்சு போய்விட்டது, நீர்புகாத தன்மையும் போய்விட்டது. உள்ளே பிளாஸ்டிக் பை இருப்பதால் எனக்குக் கவலையில்லை.

இனி ஜிப். போன வாரம் மேல்மூலையில் ரன்னர், அதாவது பல்வரிசையை மூடிக்கொண்டு நகரும் துண்டு, தாண்டிப்போன பிறகு பின்னாலேயே பல் வாய் பிளந்தது. ஜிப் முழுவதையும் பிரித்து மாற்ற வேண்டும், அதற்குப் புதுப் பையே வாங்கலாம் என்று முடிவுகட்டிவிட்டேன். பழுதுபார்ப்பவர் வயதானவர். பல்வரிசையை நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்தார். "பல்லுக்கு ஒன்றுமில்லை தம்பி, ரன்னர்தான் தேய்ந்திருக்கிறது" என்றார். ரன்னரைப் புரட்டிப் பின்னால் பொறித்திருந்த 8 என்ற எண்ணைப் பார்த்தார். பல்வரிசையின் அகலத்தைக் குறிக்கும் எண் அது. குறடால் ரன்னரின் இரு ஓரங்களையும் மெல்ல அழுத்தினார். மூடியது. "இது பத்து நாள் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, அதை வெட்டியெறிந்து புதிது போட்டார். கால் மணி நேர வேலை.

ஏன் அந்த மூலையில் மட்டும் தேய்ந்தது என்று கேட்டேன். "அங்கே எதையாவது கனமாகத் திணிப்பீர்களா?" என்று கேட்டார். பாட்டில். பாக்கெட்டில் போகாத நாள்களில், செருப்பை அணிந்துகொண்டு கிளம்பும் நாள்களில், அதாவது வேலி இல்லாத நாள்களில், பாட்டில் அந்த மேல்மூலையில்தான் போகும். அதன் தோளுக்கு மேல் ரன்னரை இழுத்து இழுத்துத்தான் மூடியிருக்கிறேன். ஏழு ஆண்டில் ஜிப்பைக் கெடுத்ததும் அந்தப் பாக்கெட்தான்.

அவரிடம் முழுக் கதையையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பாக்கெட்டின் வாயில் இரண்டு விரலை விட்டு விரித்துப் பார்த்தார். "இதன் ஓரத்தைப் பிரித்து நான்கு விரல் அகலத்துக்கு மடிப்பு வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். அரை மணி நேரம்" என்று சொல்லி, காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, பிரிக்க வேண்டிய தையலை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். செய்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்றுதான் வந்தது. மடிப்பு வைத்தால் பக்கவாட்டில் புடைக்கும், அளவுக்கூண்டில் சிக்கும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஆக, நண்பா, வாங்காதே. புதிய பதிப்பையும் பார்த்துவிட்டேன். அதே பாக்கெட், அதே மூன்று புறத் தையல், சின்னம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. கைப்பிடி, இடுப்புப் பட்டை, தையல் என்று மேலே சொன்ன நல்லவை எல்லாம் நல்லவைதான்; ஆனால் உன் கோபம் என் கோபத்தைவிடப் பெரியது, முதல் வாரத்திலேயே பையைத் தூக்கி எறிந்துவிடுவாய். பக்கவாட்டில் வயிறு வைத்த பாக்கெட் இருக்கும் பையாகப் பார், எந்தப் பையாக இருந்தாலும் நிரப்பிவிட்டுப் பாட்டிலைச் செருகிப் பார்த்து வாங்கு.

நாளை காலை கிளம்புகிறேன், ஆறு நாள். பை கட்டிலில் திறந்து கிடக்கிறது. செருப்புகளை நிறுத்தியாகிவிட்டது, மழைச்சட்டை நடுவில். பாட்டில் போகிறது, வருகிறது. சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்து வந்தேன். துடைக்கவில்லை, அப்படியே இருக்கிறது.